குடங்களில் கேட்ட தங்கபுஷ்பம்

மழை தப்பிப்போன வருஷங்களில் எது முந்தியது எது பிந்தியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போயிருந்த காலத்தில், கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டை ஒட்டியிருந்த ஓடைத்தெருவில், தண்ணீர் லாரிக்காக வரிசையாக வைத்திருந்த காலிக் குடங்களுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் மனசு பேச ஆரம்பித்தது. முதலில் அதைக் கேட்டவள் தையல்காரி செண்பகவல்லி. வெயில் சாய்கிற நேரத்தில் தன் குடத்தைச் சற்று முன்னால் நகர்த்தி வைக்கலாமென்று குனிந்தவளின் காதில், கிணற்றுக்குள் நின்று யாரோ தனக்குத்தானே பேசிக்கொள்வதைப் போல, ஒன்று, இரண்டு, மூன்று, மாவு இந்நேரம் புளிச்சிருக்கும், ஒன்று, இரண்டு, அந்த ஜல்லி லாரிக்காரன் இன்னைக்கும் மூஞ்சியப் பாக்காமயே சீட்ட வாங்கிட்டுப் போனான், ஒன்று, என்று கேட்டது. குடத்தைக் கவிழ்த்துத் தட்டினாள். செத்த வண்டு ஒன்று விழுந்தது. நிமிர்த்தி வைத்ததும் குரல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது. பக்கத்துக் குடத்தில் காது வைத்தாள், அதிலும் அதே எண்ணிக்கை. அதற்கடுத்த குடத்திலும் அதே.

சத்தம் காட்டாமல் கையசைத்து எல்லோரையும் கூப்பிட்டாள். வரிசையில் இருந்த பெண்கள் ஆளுக்கொரு குடத்தில் காது வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தபோது ஒருத்தரும் பேய் என்று சொல்லவில்லை, ஏனென்றால் பேய்க்கு மாவு புளிக்கிற கவலை இருக்காது. "இது எடைமேடைத் தங்கபுஷ்பம்லா" என்று செண்பகவல்லி சொன்னாள். தெருவின் கடைசியில் இருந்த தங்கபுஷ்பத்தின் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தார்கள். பாயில் சம்மணம் போட்டு, கைகளை முழங்கால்மேல் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய உதடு அசையவே இல்லை.

அவள் அந்தத் தெருவுக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. புறவழிச்சாலையில் இருந்த எடைமேடையில், லாரிகள் ஏறி நின்றால் எடையைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. கையளவு ஜன்னலுக்குப் பின்னால் விடியற்காலை முதல் மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பாள். ஜன்னலுக்குள் கைகள் வரும், கைகள் போகும், முகம் யாரும் காட்டுவதில்லை. புருஷன் மஸ்கட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். தெருக்காரர்கள் எதிர்ப்பட்டால், மஸ்கட்காரர் எப்ப வாராக என்று கேட்பார்கள், அவளும் தைக்கு வருவார் என்றோ, கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை என்றோ சொல்வாள், அவ்வளவுதான் பேச்சு. தானாக வந்து யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். திமிர் பிடித்தவள் என்று தெரு அவளைப் பற்றி முடிவு செய்து வெகுநாளாயிருந்தது.

அந்த வருஷம் அவளுக்குக் காரணமில்லாமல் நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது, தூக்கம் போயிற்று. டாக்டரம்மா எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை, தியானம் பழகுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். எப்படிப் பழகுவது என்று கேட்க ஆளில்லாததால் தங்கபுஷ்பம் செல்போனைக் கேட்டாள். அதில் மெல்லிய குரலில் பேசுகிற ஒரு பெண், தியானத்தில் பல வழி உண்டு, புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒவ்வொன்றாகச் செய்துபார்த்துத் தங்களுக்கு ஒத்துவருவதை வைத்துக்கொள்ள வேண்டும், எந்த வழியானாலும் மனதைக் காலி செய்வதுதான் நோக்கம் என்று சொன்னாள். முதல் வழி, மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணுவது. நடுவில் வேறு நினைப்பு வந்தால் வருத்தப்படாமல் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவது. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, ஒரு தட்டையும் ஒரு தம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்குப் பாயை விரித்து உட்கார்ந்தாள். அவளால் ஒருநாளும் பத்தை எட்ட முடியவில்லை.

மனசைக் காலி பண்ணினால் அதிலிருந்து வெளியே வருவது வேறு எங்கேயாவது காலியான இடத்துக்குத்தானே போகவேண்டும் என்று செண்பகவல்லி சொன்னாள். ஓடைத்தெருவில் காலியாக இருந்தவை குடங்கள். அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை. தங்கபுஷ்பத்துக்கு மட்டும் கேட்கவில்லை, ஏனென்றால் அவள் கண்ணை மூடியிருக்கும் நேரத்தில்தான் குடங்கள் பேசின, ஒற்றை ஆள் செலவுக்கு அவள் வீட்டுப் பாத்திரங்களும் ஒருபோதும் முழுக்கக் காலியானதில்லை.

தெரு அந்த அதிசயத்தோடு பழகிக்கொண்டது. பிளாஸ்டிக் குடத்தில் குரல் சளிப் பிடித்த மாதிரிக் கேட்கிறது, எவர்சில்வரில் கணீரென்று இருந்தாலும் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, பித்தளைதான் சுத்தம் என்று தெரியவந்ததும் பரண்களில் கிடந்த பித்தளைக் குடங்கள் புளி போட்டுத் துலக்கப்பட்டு வெளியே வந்தன. நாலு மணிக்கு முன்னால் வீட்டு வேலையை முடித்துவிட்டு எல்லோரும் வரிசைக்கு வந்துவிடுவார்கள். லாரி சீக்கிரம் வந்துவிடக்கூடாதே என்று தண்ணீருக்காக நின்றவர்களே நினைத்தார்கள், தண்ணீர் விழுந்த குடம் பேசாதல்லவா. ஆண்களும், சும்மா வெற்றிலை பாக்குக் கடைக்குப் போகிறவர்கள்போல, வரிசையைச் சுற்றி வந்து குனிந்து செருப்பைச் சரிசெய்தார்கள். காது மந்தமான ஒரு பெரியவருக்குக்கூட அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது; பொண்டாட்டி பேசுவது கேட்காத காதில் இது மட்டும் எப்படி விழுகிறது என்று அவர் வீட்டில் சண்டை வந்தது.

ஆனால் கேட்டது வேடிக்கையாக இருந்தது கொஞ்ச நாள்தான். எண்களுக்கு நடுவில் வந்ததெல்லாம் அவர்களைப் பற்றியதாக இருந்தது. நாளைக்குச் செண்பகவல்லிகிட்ட, உங்க மகளுக்குக் காய்ச்சல் விட்டுருச்சான்னு கேக்கணும். அப்படிக் கேட்டா, உனக்கெதுக்குன்னு நினைப்பாளோ. காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேக்கறதா, பிள்ளை எப்படி இருக்குன்னு கேக்கறதா, எது நல்லாருக்கும். ஒன்று, இரண்டு. வேண்டாம். கேக்க வேண்டாம். மறுநாள் வரிசையில் தங்கபுஷ்பம் செண்பகவல்லியைத் தாண்டி, தலையைக் குனிந்துகொண்டு ஒன்றும் கேட்காமல் போனாள். இத்தனை வருஷமாக அவள் வாயை மூடிக்கொண்டு தங்களைக் கடந்துபோன ஒவ்வொரு தடவையும் அந்த மூடிய வாய்க்குப் பின்னால் இப்படி ஒரு ஒத்திகை நடந்திருக்கிறது என்பதைத் தெரு அப்போதுதான் தெரிந்துகொண்டது. இன்னொரு நாள், எண்ணிக்கை ஏழுக்கும் மேலே போய்க்கொண்டிருந்தபோது, மஸ்கட்டும் வெளிவந்தது. புருஷன் மஸ்கட்டில் இல்லை, திருப்பூரில், வேறொருத்தியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தார். வாசலில் நின்று தங்கபுஷ்பம் போனில் பேசுவாளே, ஆமாங்க, சாப்பிட்டேன், நீங்க சாப்பிட்டீங்களா என்று, அந்தப் பேச்சுக்கு எதிர்முனை கிடையாது.

அன்றைக்குச் செண்பகவல்லி, குடத்தில் கேட்டதை ஒருத்தரும் வாயில் எடுக்கக்கூடாது, அவளிடம் சொல்லவும் கூடாது, தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று சொன்னாள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஓடைத்தெரு கல்நெஞ்சுத் தெரு இல்லை. சாம்பாருக்குக் கறிவேப்பிலை இல்லையே என்று குடத்தில் கேட்டால், அவள் கண்ணைத் திறப்பதற்குள் யாராவது ஒரு கொத்தை வாசல் கம்பியில் சொருகிவிட்டு ஓடிவந்துவிடுவார்கள். கேட் கீல் கிறீச்சிடுகிறதே என்று நினைத்தாள், மறுநாள் அதில் எண்ணெய் விட்டிருந்தது. பனங்கிழங்கு சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள், அவித்த கிழங்கு வாழையிலையில் மடித்து ஜன்னலில் இருந்தது. தியானத்துக்குத்தான் இந்தப் பலன் என்று தங்கபுஷ்பம் நினைத்துக்கொண்டாள். வேறு எப்படி நினைக்கமுடியும். மூச்சை எண்ணுவது, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நல்ல வழி, கறிவேப்பிலை வரைக்கும் கொண்டுவந்து தருகிறது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டதைக் கேட்டு, குடங்களைச் சுற்றி நின்றவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஆனால் பொருள்தான் வந்தது, ஆள் வரவில்லை. அவளைப் பற்றி எவ்வளவுக்கெவ்வளவு தெரிந்துகொண்டார்களோ அவ்வளவுக்கவ்வளவு அவள் முகத்தைப் பார்க்கத் தெருவுக்குக் கூசியது. பேசினால் எங்கே வாய் தவறி எதையாவது உளறிவிடுவோமோ என்ற பயமும் இருந்தது. அவள் வரிசைக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். முன்னாலாவது, கொஞ்சம் தள்ளுங்க, குடத்த எடுங்க என்று இரண்டு வார்த்தை இருந்தது. இப்போது அவள் வருவதற்கு முன்பே விலகி வழிவிட்டார்கள். மஸ்கட்காரர் எப்ப வாராக என்ற கேள்வியை இரக்கப்பட்டுக் கேட்காமல் விட்டார்கள். மறுவாரம் குடங்களில் வந்தது: இப்பல்லாம் அவரப் பத்திக்கூட யாரும் கேக்கிறதில்ல. ஒன்று. நான் என்ன தப்பு செஞ்சேன். ஒன்று. ஒன்று. அதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தண்ணீரைச் சுமந்துகொண்டு போனார்கள். நாளைக்கு நான் பேசுகிறேன் என்று ஒவ்வொருத்தியும் வீட்டில் சொன்னாள். மறுநாள் தங்கபுஷ்பம் வந்தபோது ஒவ்வொருத்தியும் தரையைப் பார்த்தாள்.

எண்ணிக்கை சரிப்படவில்லை என்று அவள் மந்திரத்துக்கு மாறினாள். ஏதாவது ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப மனதில் சொல்லவேண்டும் என்று போனில் வந்த பெண் சொல்லியிருந்ததால், சாமி பெயரைச் சொல்லித் தொந்தரவு செய்யவேண்டாமென்று, அமைதி, அமைதி என்று சொன்னாள். குடங்கள் தேன்கூட்டைப்போல ரீங்கரித்தன. அந்த நாட்களில் ஓடைத்தெருவில் எந்தக் குழந்தையும் அழவில்லை, இடுப்பில் குடத்தோடு அம்மாக்கள் நடந்தால் தோளில் கிடக்கிற பிள்ளை தூங்கிவிடும். ஆனால் அந்த ஒற்றைச் சொல் மூடிபோல எல்லாவற்றின்மீதும் கிடந்தது, அடியில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. யாருக்கும் எதுவும் தெரியாததால் வாசலில் எதுவும் வரவில்லை. மந்திரம் தூக்கத்துக்கு நல்லது, வேறு பலனில்லை என்று தங்கபுஷ்பமும் முடிவு செய்தாள்.

பிறகு சுடரைப் பார்க்கிற வழி. மெழுகுவர்த்தியை ஏற்றி இமைக்காமல் பார்த்தாள். குடங்கள் லேசாகச் சூடேறின, ஒவ்வொன்றின் அடியிலும் நெல்மணி அளவு வெளிச்சம் தெரிந்தது. குனிந்து பார்த்தவர்கள் அவள் பார்ப்பதையே பார்த்தார்கள். சுடர், சுடருக்குப் பின்னால் மங்கலாகச் சுவர், சுவரோரமாகக் கவிழ்த்து வைத்த ஒரு தட்டு, ஒரு தம்ளர். வெகுநேரம் பார்த்தாலும் அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

உடம்பைக் கால் விரலிலிருந்து உச்சந்தலை வரை பாகம் பாகமாகக் கவனிக்கிற வழியைச் செய்தபோது, இடுப்பில் குடம் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் இடது முழங்காலில் வலித்தது, பிறகு தோள்பட்டை இறுகியது, பிறகு நெஞ்சுக்குழியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கனம் ஏறி உட்கார்ந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் அவளுடைய கவனம் மேலே நகராமல் அங்கேயே நின்றது. அவளால் நகர்த்த முடியவில்லை. வலிக்கிறது என்று சொல்லக்கூட முடியாத ஒரு வலி அது. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குடத்தைத் தரையில் இறக்கி வைத்தார்கள். இறக்கி வைக்க அவளுக்கு இடமில்லையே என்று யாரோ சொன்னார்கள்.

நடந்துகொண்டே செய்கிற தியானமும் செய்து பார்த்தாள். குதிகால், பாதம், விரல் என்று உணர்ந்து மெதுவாக நடக்கவேண்டும். வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தாள், குடங்களில் காலடி கேட்டது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் காலடி வாசல் கதவுக்கு முன்னால் வந்து நின்றது. தாழ்ப்பாளைத் தொடுகிற சத்தம் கேட்கும். திறந்துகொண்டு வெளியே வந்தால் இன்னைக்குப் பேசிவிடவேண்டும் என்று தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தாழ்ப்பாளிலிருந்து கை எடுக்கிற சத்தம் கேட்கும். குதிகால், பாதம், விரல்.

கடைசியில்தான் அவள் அன்புத் தியானத்துக்கு வந்தாள். அது எல்லாவற்றிலும் எளிது என்றும், புதிதாகத் தொடங்குகிறவர்கள் சிலர் அதைச் செய்துதான் மற்றதற்குப் போகிறார்கள் என்றும் போனில் வந்த பெண் சொன்னாள். உயிரோடிருக்கிற, மிகப் பிரியமான ஒருவரை நினைத்துக்கொண்டு, அவர் நன்றாக இருக்கட்டும் என்று மனதாரச் சொல்லவேண்டும். பிறகு அதிகம் பழக்கமில்லாத ஒருவரை. பிறகு நம் மனதை நோகடித்த ஒருவரை. தங்கபுஷ்பம் கண்ணை மூடினாள். குடங்களில் சத்தமே இல்லை. செத்துப்போன அம்மாவின் முகம் வந்து போனது, திருப்பூர் ஆளின் பெயர் பாதி வந்து நின்றது. எங்கள் பெயரைச் சொல்லட்டுமே என்று வரிசையில் நின்ற ஒவ்வொருத்திக்கும் இருந்தது, எங்கள் பெயரை ஏன் சொல்லப்போகிறாள் என்றும் இருந்தது. அன்றைக்கும் மறுநாளும் அதற்கடுத்த நாளும், நாலு மணிக்குக் குடங்களில் வெறும் தேடல் மட்டும் கேட்டது, இருட்டில் கைவிட்டுத் துழாவுகிறவளின் மூச்சு.

பிறகு ஒருநாள், லாரி வந்து நின்று, ஓட்டுநர் சுடலைமணி குழாயைக் கையில் எடுத்தபோது, நிரப்பாமலிருந்த அத்தனை குடங்களும் சேர்ந்து, சுடலைமணி நன்றாக இருக்கட்டும் என்றன. ரெண்டு நாளாக் காணோமே, உடம்புக்கு என்னன்னு கேட்டாரே, அந்தத் தண்ணி லாரிக்காரர் நன்றாக இருக்கட்டும். எப்போது கேட்டோம் என்று சுடலைமணிக்கு ஞாபகமே இல்லை. எத்தனையோ தெருவில் எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பார். குழாயில் தண்ணீர் பாதையில் கொட்டிக்கொண்டிருக்க அவர் அப்படியே நின்றார். தண்ணீர் வீணாகிறதே என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

பழக்கமில்லாதவரின் முறையும் போனது, அதற்குப் பின்பு வந்தது மனதை நோகடித்தவரின் முறை. அந்தப் பெயருக்கு அவள் தேடவேண்டியிருக்கவில்லை.

இசக்கியம்மாள் தங்கபுஷ்பத்தின் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் லாரியில் ஆந்திராப் பக்கம் போய்விட்டு மாதத்துக்கொரு தடவை வருகிறவர், மகளைச் சங்கரன்கோவிலில் கட்டிக்கொடுத்திருந்தாள். தெருவிலேயே வாய்த்துடுக்குக்காரி என்று பேர். குடங்களைக் கேட்கிறதில் அவள் மட்டும் மற்றவர்கள் மாதிரி முந்தமாட்டாள், தள்ளி நின்றுகொள்வாள், ஏனென்றால் தங்கபுஷ்பம் தெருவுக்கு வந்த புதிதில் வரிசையில் இரண்டு பேருக்கும் சண்டை வந்து, அன்றிலிருந்து பேச்சில்லை. சண்டை ஞாபகம் இருந்ததே தவிர, எதற்கென்று இசக்கியம்மாளுக்கு மறந்துபோயிருந்தது. அன்று சாயங்காலம் அவள் குடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தபோது குடம் அவள் பெயரைச் சொன்னது.

இசக்கியம்மா நன்றாக இருக்கட்டும். அவங்க மக நன்றாக இருக்கட்டும், பிரசவம் நல்லபடியா ஆகட்டும். அன்னைக்கு நான் மூணு குடம் வெச்சதுக்கு, கேக்க நாதியில்லாதவளுக்கு எத்தனை குடம் தண்ணி வேணும்னு கேட்டாங்க. கோவத்துல கேட்டாலும் சரியாத்தான் கேட்டாங்க. ஒரு குடம் போதும். எனக்கு ஒரு குடமே போதும். இசக்கியம்மா நன்றாக இருக்கட்டும்.

இசக்கியம்மாள் வரிசையைப் பார்த்தாள். தங்கபுஷ்பத்தின் குடம் ஒன்றே ஒன்று, வரிசையின் கடைசியில், மற்றதிலிருந்து சற்று விலகி இருந்தது. இத்தனை வருஷமும் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. தெருவில் வேறு யாருக்கும் ஒற்றைக் குடம் கிடையாது. அவள் ஒருநாளும் அதைக் கவனித்ததில்லை. துடைத்த குடத்தை அங்கேயே போட்டுவிட்டு அவள் நடக்க ஆரம்பித்ததும் செண்பகவல்லி ஓடிவந்து கையைப் பிடித்தாள், சொல்லக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து பேசிவைத்ததை ஞாபகப்படுத்தினாள். இசக்கியம்மாள் கையை விடுவித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த தங்கபுஷ்பம், யார் என்று பார்த்ததும், ஏதோ தவறு செய்து பிடிபட்டவளைப்போல ஒரு அடி பின்னால் போனாள்.

"நீ கண்ண மூடி உக்காந்து நினைக்கதெல்லாம் எங்க குடத்துல கேக்கு" என்றாள் இசக்கியம்மாள்.

"எந்தக் குடத்துல?"

"காலியா இருக்கிற எல்லாக் குடத்துலயும். ரொம்ப நாளாக் கேக்கு."

தங்கபுஷ்பம் ஜன்னலைப் பார்த்தாள். வாசல் கம்பியில் செருகியிருந்த கறிவேப்பிலையைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக அவளுக்குள் இடம் மாறி உட்காருவது முகத்தில் தெரிந்தது. "அவர் விஷயமுமா?" என்று கேட்டாள்.

"அதும்தான்."

"அதான் யாரும் கேக்கிறதில்லையா, எப்ப வாராருன்னு?"

இசக்கியம்மாள் தலையை ஆட்டினாள்.

"கேட்டிருக்கலாம்க்கா" என்றாள் தங்கபுஷ்பம். "பொய்தான் சொல்லியிருப்பேன். அதுக்காவது நாலு வார்த்தை பேசியிருப்பேன்ல."

அன்று வரிசையில் தான் சொன்னதைப் பற்றி ஏதோ சொல்ல இசக்கியம்மாள் வாயைத் திறந்தாள். நீங்க போங்கக்கா என்று சொல்லித் தங்கபுஷ்பம் கதவைச் சாத்தினாள். சாத்தின வேகத்தில் கோபம் இல்லை, ஆனாலும் தாழ்ப்பாள் விழுந்தது.

அதன்பிறகு பாய் விரிக்கப்படவில்லை. நாலு மணிக்குக் குடங்களில் காற்றின் சத்தம் மட்டும் இருந்தது. தங்கபுஷ்பம் வரிசைக்கும் வரவில்லை. எடைமேடைப் பம்பிலிருந்து கேனில் தண்ணீர் பிடித்து, வேலை முடிந்து வரும்போது சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் வைத்த கறிவேப்பிலை அங்கேயே காய்ந்தது. சுடலைமணி லாரியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு தடவையும் தெருக்கடைசியைப் பார்ப்பார், இறங்கிப்போய்க் கேட்க அவருக்கும் துணிச்சல் வரவில்லை. தெருவுக்கு அந்தக் குரல் இல்லாமல் சாயங்காலம் நீளமாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் இசக்கியம்மாள்தான் காரணம் என்று சொல்லி அவளிடமும் பேச்சைக் குறைத்தார்கள். செண்பகவல்லி ஒருநாள் தன் வீட்டில் பாய் விரித்து, கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருந்த மாதிரியே மூச்சை எண்ணிப் பார்த்தாள், மகளை வரிசையில் போய்க் கேட்டுவரச் சொன்னாள். எந்தக் குடத்திலும் ஒன்றும் கேட்கவில்லை என்று மகள் வந்து சொன்னாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் உட்கார்ந்தார்கள், மந்திரம் சொன்னார்கள், சுடர் பார்த்தார்கள், யாருடைய மனசும் எந்தக் குடத்துக்கும் வரவில்லை. நம்முடையதைக் கேட்க யாருமில்லை போல என்று செண்பகவல்லி சொன்னாள், சொல்லிவிட்டு அவளுக்கே அது என்னவோபோல இருந்தது.

வெயில் குறையத் தொடங்கின நாட்களில், ஒரு மத்தியானம், இசக்கியம்மாளுக்குப் போன் வந்தது. மகளுக்கு நாளாவதற்கு முன்பே வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். புருஷன் நெல்லூரில் இருந்தார். மாற்றுச் சேலையும் பழைய வேட்டித்துணியும் எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவள் முகத்தைப் பார்த்து இரண்டு மூன்று பேர், நான் வரட்டுமா என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். தங்கபுஷ்பம் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, சைக்கிளிலிருந்து கேனை அவிழ்த்து உள்ளே வைத்திருந்தாள்.

"மகளுக்கு வலி வந்துட்டுதாம். சங்கரன்கோவில் போறேன். நீ கூட வாரியா?"

"நான் எதுக்குக்கா? நான் வந்து என்ன செய்யப்போறேன்?"

"ஒண்ணும் செய்யவேண்டாம். தனியாப் போகப் பயமா இருக்கு."

எடைமேடையில் ஏறி நின்ற வண்டியைப் பார்ப்பதுபோலத் தங்கபுஷ்பம் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம் இருக்கிறது, எதையாவது மேலே போட்டுச் சொல்கிறாளா என்று பார்த்திருக்கலாம். பிறகு, இருங்க, சேலைய மாத்திட்டு வந்துருதேன் என்று உள்ளே போனாள்.

தெரு முழுவதும் வாசலுக்கு வந்து நின்று அவர்கள் இருவரும் போவதைப் பார்த்தது. செண்பகவல்லி வாயைத் திறந்தாள், மூடினாள், கடைசியில், அவர்கள் ஓடைப்பாலத்தைத் தாண்டின பிறகு, பாத்துப் போயிட்டு வாங்க என்று யாருக்கும் கேட்காத தூரத்தில் சொன்னாள். நாலு மணியானதும் பழக்கத்தில் எல்லோரும் வரிசைக்கு வந்தார்கள். பித்தளைக் குடங்களில் காது வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் தங்கபுஷ்பம் எதையும் மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கவில்லை.

பஸ்ஸில் ஏறினதிலிருந்து அவள் பேசிக்கொண்டே இருந்தாள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனதும் யாரைப் பார்க்கவேண்டும் என்று பேசினாள், பிறகு தான் பிறந்தபோது அம்மாவுக்கு எப்படி வலி எடுத்தது என்று அம்மா சொன்னதைச் சொன்னாள், பிறகு எடைமேடை, பிறகு திருப்பூர், அவருடைய மூத்த மகனைச் சொந்தக்காரர் ஒருவரின் கல்யாணப் படத்தில் பார்த்தது, ஜாடை அப்படியே அவர் ஜாடை என்பது வரைக்கும். குடத்தில் கேட்ட குரலைவிட வாயில் வந்த குரல் கரகரப்பாக, இன்னும் கொஞ்சம் வயதானதாக இருந்தது. வாக்கியத்தை எங்கே முடிப்பதென்று தெரியாமல் சில இடத்தில் தடுக்கி விழுந்தது. இசக்கியம்மாள் உம் கொட்டினாள். அன்று வரிசையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டே வந்தாள், கேட்க இடைவெளி கிடைக்கவில்லை. கழுகுமலை வருகிறவரை இப்படியே போயிற்று. ஒருதடவை தங்கபுஷ்பம் சட்டென்று பேச்சை நிறுத்தி, ரொம்பப் பேசுறேனோ என்று கேட்டாள். பேசு என்றாள் இசக்கியம்மாள்.

அன்று சாயங்காலம் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்ததும், எடை குறைவென்று கண்ணாடிப் பெட்டியில் வைத்ததும், இரண்டு பேரும் மாறி மாறி அதற்குக் காவல் உட்கார்ந்ததும், குழந்தை தேறியதும், ஊர் திரும்பின நாளில் தெரு ஓடிவந்து, என்ன குழந்தை, எவ்வளவு எடை, நீங்க சாப்பிட்டீங்களா என்று தங்கபுஷ்பத்தையே சூழ்ந்துகொண்டு கேட்டதும், அப்போதும் இரண்டொருத்தர் அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் பின்னால் நின்றதும், எல்லாம் பிறகு நடந்தவை. அவள் அதற்கப்புறமும் எப்போதாவது பாய் விரித்து உட்கார்ந்தாள். குடங்கள் மறுபடி பேசவில்லை. சில நாள் சாயங்காலம் அவளுக்கு அந்த நெஞ்சுக்குழிக் கனம் திரும்ப வரும், வந்தால் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்து சொன்னால்தான் தெரியும், சொல்ல அவள் இன்னும் பழகிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு, அந்தப் பயணத்தில், பஸ் கழுகுமலையைத் தாண்டியது. இரண்டு பக்கமும் மழைக்குக் காத்திருந்த கரிசல் காடு வெறிச்சென்று கிடந்தது. ஏதோ சொல்லிக்கொண்டே வந்த தங்கபுஷ்பம், பதிலுக்கு உம் சத்தம் வராததைக் கவனித்துத் திரும்பினாள். இசக்கியம்மாள் தூங்கிவிட்டிருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத அலுப்பு. தலை முதலில் ஜன்னல் கம்பியில் இடித்தது, பிறகு பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினபோது இந்தப் பக்கம் சரிந்து தங்கபுஷ்பத்தின் தோளில் வந்து விழுந்தது. அவள் தோளில் ஒரு மனுஷத் தலை சாய்ந்து வருஷக்கணக்காகியிருந்தது. வாய் லேசாகத் திறந்து, நல்லெண்ணெய் வாடையோடு, வெதுவெதுப்பாக, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. சேலைத் தலைப்பு மடிந்து கழுத்தை அறுத்தது, இடது கை மெல்ல மரத்துப்போனது. சரிசெய்ய அசைந்தால் எழுந்துவிடுவாள். தங்கபுஷ்பம் பேச்சை நிறுத்திவிட்டு, கண்ணைத் திறந்தபடி, அசையாமல் உட்கார்ந்துவந்தாள், சங்கரன்கோவில் வருகிறவரை.